இல்லப் பட்டறைக்கு உரிய ஆர்கான் வெல்டிங் மெஷின்: மலிவின் இலக்கணம் பற்றிய ஓர் ஆய்வு

டிக் வெல்டிங் என்பது, டங்ஸ்டன் முனைக்கும் வேலைப்பொருளுக்கும் இடையே மின்வில்லை நிறுத்தி, காற்று அண்டாதபடி ஆர்கான் வாயுவால் போர்த்தி, வேண்டுமானால் மறுகையால் ஃபில்லர் ராடு ஊட்டி உலோகங்களை இணைக்கும் முறை. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இதற்கு ஆர்கான் வெல்டிங் என்றே வழக்கு. கடையில் 'டிக்' என்று கேட்பவர் படித்துவிட்டு வந்தவர், 'ஆர்கான்' என்று கேட்பவர் பார்த்துவிட்டு வந்தவர் எனக் கல்லாவில் இருப்பவர் உடனே பிரித்துவிடுவார். சொல்லும் விலையும் அதற்கேற்ப அமையும். டங்ஸ்டன் 3,422 டிகிரி செல்சியஸில்தான் உருகும் என்பதால் அதை உருகா முனை என்கிறார்கள். புதிதாகப் பழகுபவர் கையில் அது உருகுவதில்லை. உருகிய இரும்புக்குள் முங்கி எழுகிறது. ஒவ்வொரு முங்கலுக்கும் பிறகு கிரைண்டரில் மறுபடி சீவ வேண்டும். இக்கலையின் முதல் ஆறு மாதம் வெல்டிங்கில் அல்ல, சீவுதலில் கழியும்.

இம்முறை 1941-ஐ ஒட்டி அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் ரஸ்ஸல் மெரடித் என்பவரால் உருப்பெற்றது. மக்னீசியத்தால் விமானம் கட்ட வேண்டும், மக்னீசியமோ உருகும் சூட்டில் காற்றுப் பட்டால் எரியும் என்ற நெருக்கடியே அதன் தாய். அப்போது போர்வை ஹீலியம். ஆர்கான் பின்னால் வந்தது. 1975-இல் வெல்டிங் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிறுவனம் திருச்சி பெல் கொதிகலன் ஆலையில் அமைந்தது. கொதிகலன் குழாய்களின் வேர் இணைப்பு இன்றும் இம்முறையில்தான் போடப்படுகிறது. விமானத்திலிருந்து கொதிகலனுக்கும், கொதிகலனிலிருந்து மாடிப்படிக் கைப்பிடிக்கும், அங்கிருந்து துளசி மாட ஸ்டாண்டுக்கும் இக்கலை இறங்கி வந்த வரலாறு தனியே எழுதத் தக்கது. இவ்வாய்வு அக்கடைசிப் படியோடு நிற்கிறது.

இல்லப் பட்டறை எனப்படுவது யாது? இருசக்கர வண்டி நின்ற இடம், வண்டி தெருவில் நிற்கத் தொடங்கியதும் பட்டறை எனப் பெயர் பெறும். ஒரு வைஸ், ஒரு கிரைண்டர், பிறகு பயன்படும் என்று சேர்த்து வைத்த இரும்புத் துண்டுகள் ஆகிய மூன்றும் கூடியவழி அது நிறைவு பெற்றதாகக் கொள்ளப்படும். வாஷிங் மெஷின் உடனிருத்தல் இழுக்கன்று. மெஷின் வாங்கக் காரணமாகக் காட்டப்படும் வேலை பெரும்பாலும் கேட்டின் கீல் விட்டுப்போனது. அந்தக் கீலை வெளியில் கொடுத்துப் போடும் கூலியையும் மெஷினின் விலையையும் அருகருகே வைக்கும் கணக்கை ஆய்வாளர்கள் செய்வதில்லை. வீட்டில் ஒப்புதல் வழங்கும் அதிகாரம் உள்ளவர்களே செய்கிறார்கள்.

மலிவு என்பதைப் பெட்டியின் விலையோடு முடித்துக்கொள்வது இத்துறையின் மூலப்பிழை. பெட்டி ஒருமுறை வாங்குவது. வாயு ஆயுள் முழுவதும் வாங்குவது. நடுவே ஃப்ளோமீட்டர் வைத்த ரெகுலேட்டர், டார்ச்சின் கப்பும் காலெட்டும், டங்ஸ்டன், ஃபில்லர் ராடு, ஹெல்மெட், கையுறை என்று ஒரு பரிவாரம் உண்டு. டி.சி. மட்டும் தரும் சிறு மெஷின்களில் இப்பரிவாரமும் சிலிண்டரும் சேர்ந்து பெட்டியின் விலையைத் தொட்டுவிடுவது இயல்பு. ஆகவே கையிருப்பில் பாதியைப் பெட்டிக்கு ஒதுக்குவதே நெறி. நடைமுறையில் முழுத்தொகையும் பெட்டிக்கே போய், மறுபாதி 'அடுத்த மாதம்' என்ற தலைப்பில் பற்று வைக்கப்படுகிறது. ஆர்கான் இல்லாத ஆர்கான் மெஷின் மூலையில் துணி போர்த்தி இருக்கும் காட்சிக்கு இதுவே காரணம்.

பெட்டியின் நெற்றியில் 200 என்று எழுதியிருக்கும். அருகில் ஆம்பியர் என்ற சொல் இல்லாததை நோக்குக. மாடலின் பெயர் பெயரளவில்தான். மெய் பின்பக்கத் தகட்டில், சிறிய எழுத்தில் இருக்கிறது. எவ்வளவு வேண்டும் என்பதற்குக் கைவாய்ப்பாடு ஒன்று உண்டு: இரும்பில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறத்தாழ 40 ஆம்பியர். 2 மி.மீ. சதுரக் குழாய்க்கு 80, 3 மி.மீ. ஆங்கிளுக்கு 120. இல்லப் பட்டறையின் இரும்பு இதைத் தாண்டுவது அரிது. 160 ஆம்பியர் உண்மையாகத் தரும் மெஷின் தாராளம். மேல் எல்லையை வைத்து மணிக்கணக்கில் வாதிடுவோர் கீழ் எல்லையைக் கேட்பதே இல்லை. எவர்சில்வர் குடத்தின் தகடு அரை மில்லிமீட்டரை ஒட்டியது. 20 ஆம்பியருக்கும் கீழே இறங்கி, நடுங்காமல் எரியும் மெஷினே அதைத் தைக்கும். 30-இல் தொடங்கும் மெஷின் குடத்தின் ஓட்டையை அடைப்பதில்லை, அகலப்படுத்தித் தரும்.

அதே தகட்டில் டியூட்டி சைக்கிள் என்றொரு சதவீதம் இருக்கும். 160 ஆம்பியரில் 60 சதவீதம் என்றால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் வேலை, நான்கு நிமிடம் ஓய்வு. சர்வதேசத் தர விதி இதை 40 டிகிரி சூழல் வெப்பத்தில் அளக்கச் சொல்கிறது. மலிவுப் பெட்டிகளில் சில 25 டிகிரியில் அளந்த எண்ணை அச்சிட்டு, வெப்பநிலையைச் சொல்லாமல் விடுகின்றன. அக்னி நட்சத்திரத்தில், தகரக் கூரைக்குக் கீழே, அந்த எண் செல்லாது. ஆயினும் இல்லப் பட்டறையில் இது பெரிய குறையன்று. ஒரு அங்குலம் வெல்டு போட்டுவிட்டு அதை அரைமணி நேரம் பல கோணங்களில் பார்ப்பது இல்லத்து மரபாதலால், டியூட்டி சைக்கிளில் மனிதன் மெஷினைவிட எப்போதும் பின்தங்கியே இருக்கிறான்.

மின்சாரத்தில்தான் உண்மையான முட்டுக்கட்டை. 120 ஆம்பியர் டிக்கில் வில்லின் மின்னழுத்தம் 15 வோல்ட்டை ஒட்டியது. பவர் ஃபேக்டர் 0.7, செயல்திறன் 85 சதவீதம் என்று கொண்டால், 230 வோல்ட் இணைப்பிலிருந்து ஏறத்தாழ 13 ஆம்பியர் இழுக்கும். கீசருக்குப் போட்ட 16 ஆம்பியர் சாக்கெட் தாங்கும். பெரும்பாலான டிக் மெஷின்கள் ராடு வெல்டிங்கும் செய்யும். அங்கே வில்லின் அழுத்தம் கூடுதல். அதே 120 ஆம்பியருக்கு 22 ஆம்பியர் போகும், சற்று நேரத்தில் எம்.சி.பி. விழும். 2.5 மி.மீ. ராடில் 80 ஆம்பியரோடு நின்றுகொண்டால் பிழைக்கலாம். கேட்டின் கீலுக்கு அதுவே போதும். எதற்காக ஆர்கான் மெஷின் வாங்கப்பட்டதோ அந்தக் கீல் ஆர்கானே இல்லாமல் ராடில் சரியாகிவிடும் என்பது இங்கே உடன்விளைவாகப் பெறப்படுகிறது. இம்முடிவை ஒப்புதல் பெறும் முன் வெளியிடலாகாது.

வில்லைத் தொடங்கும் முறை மூன்று. உரசித் தொடங்குதல் மிக மலிவு: வீட்டில் ஏற்கெனவே உள்ள இன்வெர்ட்டர் ராடு மெஷினில் வால்வு டார்ச் ஒன்றை மாட்டினால் முடிந்தது. வாயுவைக் கட்டைவிரலால் திறக்க வேண்டும், மூட வேண்டும். முடிவில் மின்னோட்டத்தை மெல்லக் குறைக்க வழியில்லை, கடைசிப் புள்ளியில் குழி விழும். தொட்டுத் தூக்கித் தொடங்குதல் இடைப்பட்டது. தொடாமலே பற்றும் உயர் அதிர்வெண் (எச்.எஃப்.) தொடக்கம் மூன்றாவது, டங்ஸ்டன் முனை கெடாததால் பழகுபவருக்கு இதுவே உகந்தது. எச்.எஃப். அண்டையில் உள்ள மின்னணுக் கருவிகளைக் குலைக்கக்கூடும், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அருகே வரலாகாது என்று மெஷினோடு வரும் கையேடுகளே எச்சரிக்கின்றன. கையேட்டைப் படித்தவர் உண்டா என்பது வேறு ஆய்வு.

டி.சி. போதுமா, ஏ.சி.யும் வேண்டுமா என்பது இத்துறையின் நெடுநாள் பிணக்கு. இரும்புக்கும் எவர்சில்வருக்கும் செம்புக்கும் டி.சி. போதும். அலுமினியத்தின் கதை வேறு: உலோகம் 660 டிகிரியில் உருகும், அதன் மேல் படிந்த ஆக்சைடு தோலோ 2,000 டிகிரியைத் தாண்டியும் உருகாது. ஏ.சி.யில் திசை மாறும் மின்னோட்டத்தின் ஒரு பாதி அத்தோலைக் கிழிக்க, மறுபாதி உருக்கும். இவ்வசதிக்கு விலை குறைந்தது இரண்டு மடங்கு. அலுமினியக் கட்சியினரிடம் வீட்டில் அலுமினியம் எது என்று கேட்டால் ஏணி, இண்டாலியம் வாணலி, பைக்கின் கிராங்க் கேஸ், குக்கர் என்று அடுக்குவர். இவற்றுள் ஆள் ஏறும் ஏணியையும் அழுத்தம் ஏறும் குக்கரையும் பழகும் கை தொடவே கூடாது. வாணலி புதிதாக வாங்குவதே மலிவு. எஞ்சுவது கிராங்க் கேஸ் ஒன்று. அது உடையும் வரை டி.சி. கட்சியே வலியது.

டார்ச்சில் 17 என்ற எண் கொண்டது காற்றில் ஆறும் 150 ஆம்பியர் வகை, 26 என்பது 200 ஆம்பியர் வகை. மெல்லிய வேலைக்கு 17-இன் இலகு கைக்கு நல்லது. உலகெங்கும் ஒரே அளவில் உதிரி கிடைப்பதால் பெட்டி எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் கப் சென்னைப் பாரிமுனையில் கிடைக்கும். டங்ஸ்டனில் சிவப்பு முனை தோரியம் கலந்தது. கதிரியக்கம் உள்ள அதன் தூளைச் சீவும்போது சுவாசிக்கக் கூடாது என்பதால் லாந்தனம் கலந்த நீலமோ பொன்னிறமோ நன்று. டி.சி.யில் டார்ச் மைனஸில் இருக்க வேண்டும். பிளஸ்ஸில் மாட்டினால் டங்ஸ்டன் உருண்டு திரளும். பலர் இதை மெஷினின் கோளாறாகக் கருதித் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள்.

இனி வாயு. சுத்த ஆர்கானே வேண்டும். மிக் வெல்டிங்குக்கான கார்பன் டை ஆக்சைடு கலவை டங்ஸ்டனைத் தின்றுவிடும். பெரிய சிலிண்டரில் 7 கன மீட்டர் அடங்கும். நிமிடத்துக்கு 8 லிட்டர் என்றால் பதினான்கரை மணி நேரம் வில் எரியும். இல்லப் பட்டறைக்கு இது ஓராண்டுக்கும் மேல் வரும், ஓஸ் இணைப்பு கசியாத வரை. கசிந்தால் ஒரே இரவில் காலி. சோப்பு நுரை தடவிப் பார்ப்பதைவிட மலிவான கருவி இத்துறையில் இல்லை. 10 லிட்டர் கொள்ளளவுள்ள சிறு சிலிண்டரில் மூன்று மணி நேரம்தான், ஆனால் ஸ்கூட்டர் ஏறும் அளவு சிறியது என்ற எண்ணத்தைத் தரும், ஏற்றக் கூடாது. வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நிரப்பித் தருவார்களா, மாற்றித் தருவார்களா? சொந்தமாக வாங்கிய சிலிண்டரின் சோதனைத் தேதி கடந்திருந்தால் நிரப்ப மறுப்பார்கள். நிற்கும் சிலிண்டரைச் சுவரோடு சங்கிலியால் கட்ட வேண்டும். ஆர்கான் காற்றைவிடக் கனமானது, மணம் இல்லாதது. சன்னல் அடைத்த அறையில் தேங்கினால் மூச்சடைக்கும். இவ்வொரு செய்தியில் வேடிக்கைக்கு இடமில்லை.

ஹெல்மெட்டில் மிச்சம் பிடிப்பது பெருந்தவறு. தானாக இருளும் கண்ணாடியின் மலிவு வகைகள் 20 ஆம்பியர் வில்லை வில் என்றே அறிவதில்லை. குறைந்த ஆம்பியர் டிக்குக்கு எனக் குறிப்பிட்ட, நான்கு சென்சார் உள்ளதை வாங்க வேண்டும். தவறினால் அன்றிரவு கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் இருக்கும். பட்டறை மருத்துவம் அதற்கு உருளைக்கிழங்கு வில்லையை விதிக்கிறது. கண் மருத்துவர்கள் அதை வழிமொழிவதில்லை.

பெட்டியைக் கடையிலேயே இயக்கிப் பார்க்க வேண்டும். பையில் 1 மி.மீ. எவர்சில்வர் துண்டு இரண்டு கொண்டுபோவது நன்று. மிகக் குறைந்த ஆம்பியரில் வில் முதல் அழுத்தலிலேயே பற்றுகிறதா, அலைகிறதா, பட்டனை விட்ட பிறகு 10 ஆம்பியருக்கு ஒரு நொடி வீதமாவது வாயு வருகிறதா, மின்னோட்டம் படிப்படியாக இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கடையில் ஆர்கான் இல்லை என்றால், சர்வீஸ் செய்யும் ஆளும் இல்லை என்று ஊகிக்கலாம். போர்டு பழுதானால் ஊருக்குள்ளேயே பார்ப்பார்களா, கூரியரில் அனுப்ப வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது என்றால் அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் எறியக் கூடாது. உத்தரவாத அட்டையில் கடை முத்திரை, தேதி, தொடர் எண் மூன்றும் ஏற வேண்டும். முத்திரையின் மை அன்றைக்குக் காய்ந்திருக்கும், பேனாவில் எழுதித் தருகிறேன் என்பார்கள். மை வரும் வரை காத்திருப்பதே முறை.