சின்ன உலை, பெரிய பில்

கேள்வி: சிறிய அணு உலை வந்தால் ஊருக்கு ஊர் சொந்தமாக மின்சாரம் தயாரிக்கலாமாமே?

பதில்: அமெரிக்காவில் யூட்டாவிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள நகராட்சிகள் அந்த ஆசையில்தான் கூட்டுச் சேர்ந்தன. ஐடஹோவில் 77 மெகாவாட் உலைகள் ஆறு கட்டுவது திட்டம், வடிவமைப்பு நியூஸ்கேல் நிறுவனத்துடையது. ஒரு மெகாவாட்-மணிக்கு 58 டாலர் என்று சொன்ன விலை, 2023 தொடக்கத்தில் 89 ஆனது. உலை இளைத்தது, பில் கொழுத்தது! 2023 நவம்பரில் திட்டத்தையே கைவிட்டார்கள்.

என் மனதில் நிற்பது வேறு. அந்தக் கூட்டில் இருந்த லோகன், லீஹை போன்ற ஊர்கள் 2020-லேயே கணக்கைக் கேட்டன. உள்ளூர் மன்றத்தில் விவாதித்து, 'எங்களுக்கு வேண்டாம்' என்று வெளியேறின. வாசலுக்கு அணு உலை வரும் எந்த ஊருக்கும் அந்த உரிமை முதலில் வந்து சேரவேண்டும். மின்சாரம் அப்புறம் வரட்டும்.