லேபிளுக்குப் பின்பக்கம்

"அண்ணாச்சிகிட்டேருந்து சீட்டு வந்திருக்கு" என்றால் சிவகாசிப் பட்டாசு ஆபீஸ்களில் யாரும் "எந்த அண்ணாச்சி?" என்று கேட்பதில்லை. கம்பெனிக்கு ஒருவர் உண்டு. எழுபதைத் தாண்டிய வயது, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் கட்டைவிரல் நீளத்துக்குத் தேய்ந்த பென்சில். மகன் எம்.பி.ஏ. படித்துவிட்டு எம்.டி. அறையில் உட்கார்ந்திருப்பார். அண்ணாச்சிக்கு விசிட்டிங் கார்டில் என்ன பதவி என்று கேட்டால், விசிட்டிங் கார்டே கிடையாது. ஆனால் அவர் சொல்லாமல் ஒரு லாரி நகராது. (நான் யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. எங்கள் அண்ணாச்சி பத்திரிகை படிக்கிறவர் என்பதால் இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.)

சீட்டுக்கு வருவோம். லேபிள் அச்சடிக்கும்போது மிஷின் செட்டிங்கில் கொஞ்சம் ஷீட் வீணாய்ப் போகும். அதை எடைக்குப் போட மாட்டார். ஆபீசுக்குக் கொண்டுவரச் சொல்லி, உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, கிளிப் போட்டு மேஜையில் வைத்துக்கொள்வார். ஒரு பக்கம் படம், மறுபக்கம் உத்தரவு. செட்டிங்கில் கழிந்த ஷீட் என்பதால் நாலு வண்ணமும் நாலு திக்குக்குப் போயிருக்கும். கிளிக்கு இரண்டு மூக்கு, சிரிக்கிற குழந்தைக்கு இரண்டு வரிசைப் பல். நாட்டுக்கே காலண்டரும் டைரியும் நோட்டும் அடித்து அனுப்புகிற ஊரில், ஒரு முதலாளிக்கு ஒரு வெள்ளைத்தாளை எடுக்கக் கை வரவில்லை.

எனக்கு வேலை கிடைத்தது கம்பி மத்தாப்பின் பின்பக்கம். முதல் சம்பள உயர்வு வந்தது புஸ்வாணத்தின் பின்பக்கம், அதற்கேற்றபடிதான் இருந்தது. ஒரு நாள் காலையில் ராக்கெட்டுக்குப் பின்னால் "இனி வர வேண்டாம்" என்று வந்தது. வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்குள் தரைச்சக்கரத்துக்குப் பின்னால் "எங்கே போனாய்?" என்று அடுத்தது வந்துவிட்டது.

சீட்டில் வினைச்சொல் அபூர்வம். "சாத்தூர் லாரி. என்ன?" என்று இருக்கும். சாத்தூருக்கு லாரி போக வேண்டுமா, சாத்தூரிலிருந்து வந்த லாரி எங்கே என்கிறாரா, இல்லை டிரைவர் வரும்போது சாத்தூர் சேவு வாங்கி வர வேண்டுமா? ஆபீசில் உரையாசிரியர் ஒருவர் இருக்கிறார், பழைய கணக்கப்பிள்ளை. சீட்டை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "லாரிக்கு அடுத்தாப்புல புள்ளி வச்சிருக்காரு. அப்ப லாரி வந்தாச்சு. என்னங்கிறதுக்கு முன்னாடி இடம் விட்டிருக்காரு. அப்ப கோவமா இருக்காரு" என்று பதவுரை, விளக்கவுரை எல்லாம் சொல்லுவார். பரிமேலழகருக்குக்கூட இவ்வளவு பொறுமை இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

பெண் ஊழியர்கள் தனியாக ஒரு சோதிடமே வைத்திருக்கிறார்கள். லட்சுமி படத்துக்குப் பின்னால் வந்தால் நல்ல சேதி, புலிக்குப் பின்னால் வந்தால் திட்டு, நடிகை படம் என்றால் கடைசியில் ஒன்றும் நடக்காது. உண்மையில் அவர் கிளிப்பில் மேலே இருப்பதை உருவி எழுதுகிறவர். ஆனாலும் போனஸ் நெருங்குகிற மாதத்தில் சீட்டு வந்ததும் முதலில் எல்லோரும் பார்ப்பது படத்தைத்தான்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சங்கடம், சீட்டைச் சாட்சியாகக் கொண்டுபோய்க் காட்டும்போதுதான் ஆரம்பிக்கும். போன வாரம் எழுதியதை இந்த வாரம் "நான் எப்பப்பா சொன்னேன்?" என்பார். நாம் டிராயரைத் திறந்து சீட்டை எடுத்து நீட்டுவோம். வாங்குவார். படிக்க மாட்டார். மெதுவாகத் திருப்பி, படம் இருக்கிற பக்கத்தைப் பார்ப்பார்.

"இந்தச் செவப்பு ஏன் வெளிய வந்திருக்கு?"

"அண்ணாச்சி, அந்தப் பக்கம்..."

"இது எந்த பிரஸ்ல அடிச்சது? கூப்பிடு அவன."

பிரஸ்காரர் வருவார். சிவப்பு ஏன் விலகியது என்று அரை மணி நேரம் விசாரணை நடக்கும். அது கழிவு ஷீட், விற்பனைக்குப் போகவே இல்லை என்று அவர் சத்தியம் செய்வார். எல்லோரும் களைத்துக் கலையும்போது, மறுபக்கத்தில் இருந்த உத்தரவு இனிமேல் யாரும் எடுத்துப் பேச முடியாததாகப் போயிருக்கும். நான் பார்த்த மட்டில் இந்த ஊரில் எந்த வக்கீலுக்கும் இந்தச் சாமர்த்தியம் கிடையாது.

சீட்டே வேண்டாம், போனில் சொல்லுங்கள் என்றால் அவரிடம் நியாயமான பதில் இருக்கிறது. பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். மருந்துக் கலவை வெயில் ஏறுவதற்கு முன்னால் நடக்கிற வேலை. அந்நேரத்தில் மேனேஜரும் போர்மேனும் செட்டுப் பக்கம் நிற்பார்கள். "உள்ள போனு ஆகாது. சீட்டு ஆகும்லா?" என்பார். மறுத்துப் பேச முடியாது. மகன் ஒரு முறை அவருக்கு வாட்ஸ்அப் பழக்கிவிட்டார். அண்ணாச்சி சீட்டை எழுதி, அதைப் போட்டோ எடுத்து அனுப்பினார். எனக்கு வந்தது ரெண்டு மூக்குக் கிளி.

ஆபீசுக்கு ஏ.சி. கேட்டபோது சீட்டில் "1922" என்று மட்டும் வந்தது. உரையாசிரியருக்கு நொடியில் புரிந்துவிட்டது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளக் கல்கத்தாவுக்குப் போன வருஷம். மானாவாரியும் வறட்சியுமாய்க் கிடந்த ஊரைத் தொழில் ஊராக்கிய பயணம் அது, அதில் கேலிக்கு இடமில்லை. ஆனால் அண்ணாச்சி சொல்லச் சொல்ல அந்தப் பயணம் ஆண்டுக்காண்டு கடினமாகிக்கொண்டே போகிறது. முதலில் அவர்கள் ரயிலில்தான் போனார்கள். பிறகு சாப்பாடில்லாமல் போனார்கள். சென்ற தீபாவளிக் கணக்கு முடித்த அன்று பாதி வழி நடந்தே போனதாக ஆகிவிட்டது. "அவுக ஏ.சி.லயா ஒக்காந்து படிச்சாக?" என்ற கேள்வியோடு விஷயம் முடியும். எங்கள் ஆபீசில் இன்றைக்கும் மின்விசிறிதான்.

நாக்பூர் என்பது அவருக்கு ஊரல்ல, ஓர் ஆள். வெடிபொருள் உரிமம் தருகிற துறையின் தலைமையகம் அங்கே இருக்கிறது. பசுமைப் பட்டாசுக்குச் சூத்திரம் கொடுத்த நீரி ஆய்வகமும் அங்கேதான். ஆகவே, "நாக்பூர்க்காரன் என்ன சொல்லுதான்?" 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோதும் அவர் நாக்பூரைத்தான் திட்டினார். பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, தீபாவளி அன்று இரண்டு மணி நேரம்தான் வெடிக்கலாம் என்று வந்தது. தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. காலையில் சீட்டு: "சரம் நிறுத்து." பதினொரு மணிக்கு: "நிறுத்த வேண்டாம். செய்தது?" சாயங்காலம்: "சரம் பேச்சு யாரும் பேச வேண்டாம்." மூன்றும் சரவெடி லேபிளின் பின்பக்கம். பிற்பாடுதான் கவனித்தேன், அவை கழிவு ஷீட் இல்லை. கோடவுனில் கட்டுக்கட்டாய்க் கிடந்த நல்ல லேபிள். இனி ஒட்ட முடியாது என்று காலையிலேயே முடிவு கட்டி, வெட்டவும் கொடுத்துவிட்டார். அந்தத் தீர்ப்பால் எங்கள் கம்பெனிக்குக் கிடைத்த ஒரே லாபம், பல வருஷத்துக்குத் தேவையான சீட்டு.

பச்சை வெளிச்சத்துக்குப் பேரியம்தான் வேண்டும். அது இல்லாத பட்டாசுக்குப் பசுமைப் பட்டாசு என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதை நான் விளக்கிச் சொன்ன அன்று மட்டும் அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். சீட்டு எழுதவில்லை.

இவர் மேல் எனக்குக் கோபமே நிற்காமல் போனதற்கும் அந்த வருஷம்தான் காரணம். தீபாவளி முடிந்ததும் உற்பத்தியாளர்கள் ஆலைகளைப் பூட்டினார்கள். மாதக்கணக்கில் திறக்கவில்லை, மறுபடி வேலை நடந்தது 2019 மார்ச் வாக்கில்தான். அத்தனை நாளும் எங்கள் ஆட்கள் திருத்தங்கலில் ஒரு மளிகைக்கடைக்குச் சரவெடிச் சீட்டோடு போனார்கள். "அரிசி 10. பருப்பு 1. எண்ணெய் 1." பெயர் கிடையாது, தேதி கிடையாது, கம்பெனி முத்திரை கிடையாது. கடைக்காரர் பென்சில் எழுத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் எடை போட்டார். திறந்த பிறகு கணக்குத் தீர்க்க நான்தான் போனேன். கட்டுச் சீட்டை எடுத்து வைத்தார், ஒன்றைக்கூட அண்ணாச்சி மறுக்கவில்லை. திருப்பிப் படத்தையும் பார்க்கவில்லை.

இவரைச் சமாளிப்பதற்கென்று சில வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறோம். மூன்று காரியத்தை ஒரே நேரத்தில் கேட்கக் கூடாது. இரண்டாகக் கேட்க வேண்டும், நமக்கு வேண்டாததை முதலில் சொல்ல வேண்டும், முதலாவதை அவர் எப்படியும் மறுப்பார். பங்குனிப் பொங்கலுக்கு முந்தின வாரம் எதையும் கேட்கலாம். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியிடுகிற அச்சக முதலாளிகளைப் பார்த்துவிட்டு வந்த சாயங்காலம் எதையும் கேட்கக் கூடாது, "பட்டாசுல என்ன இருக்கு?" என்று ஆரம்பித்துவிடுவார். இதெல்லாம் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிறோம்.

ஆனால் ஒரு சீட்டு வருஷா வருஷம் வருகிறது. அதற்கு இந்த வழி எதுவும் ஆகாது. தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும், வடக்கே இருந்து ஆர்டர் நெருக்கும், மழை வேறு பயமுறுத்தும். "6ஆம் அறை. ரெண்டு ஆள் கூட." அவ்வளவுதான் எழுதியிருக்கும். அந்த அறைக்கு நாலு பேர்தான் அனுமதி. சுவரிலேயே பெயிண்டில் எழுதியிருக்கிறது. எந்த விபத்துக்குப் பிறகும் நடக்கிற விசாரணையில் முதலில் எண்ணப்படுவது இதுதான்: அளவுக்கு மேல் எத்தனை ஆள், அளவுக்கு மேல் எவ்வளவு மருந்து. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தைப் பற்றி இந்த வட்டாரத்தில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. விபத்துச் செய்திகளில் ஒரு வரிசை உண்டு. போர்மேன் கைது என்பது அன்றைக்கே வந்துவிடும். உரிமையாளரைத் தேடி வருகிறார்கள் என்பது மறுநாளும் வரும், அதற்கு மறுநாளும் வரும்.

எங்கள் போர்மேன் வெம்பக்கோட்டைப் பக்கத்துக்காரர். சான்றிதழ் வாங்கிய அன்று ஊருக்கே மிட்டாய் கொடுத்தவர். தினமும் ரெஜிஸ்டரில் அவர் கையெழுத்து இருக்கிறது, அதற்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது. உரிமம் வேறு பெயரில், செக் மகன் பெயரில். அண்ணாச்சியின் கையெழுத்து எந்தத் தாளிலும் இல்லை. இத்தனை வருஷத்தில் அவர் கையெழுத்து எப்படி இருக்கும் என்பதே எனக்குத் தெரியாது. இதை வேடிக்கையாகச் சொல்ல முயன்று பார்த்துவிட்டேன், வரவில்லை.

இப்போது நான் செய்வது இது. அந்தச் சீட்டு வந்தால் அதே பக்கத்தில், அவர் எழுத்துக்குக் கீழே, பேனாவால், "கையெழுத்திட்டு அனுப்பவும்" என்று எழுதி வந்த ஆளிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அது திரும்பி வருவதில்லை. ஆறாம் அறையில் நாலு பேரே வேலை செய்கிறார்கள். சாயங்காலம் கணக்குக் கொடுக்கப் போகும்போது கேட்பார்.

"என்ன தம்பி, ஆள் கூடப் போட்டாச்சா?"

"சீட்டு இன்னும் திரும்ப வரலியே அண்ணாச்சி."

ஒரு நிமிஷம் என்னைப் பார்ப்பார். பிறகு பென்சிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டீ சொல்லுவார். இரண்டு டீ.