மூன்று தீவும் மூன்றாம் தரப்பும்

பசுமைத் தொழில்நுட்பம் வறிய நாடுகளுக்குப் போகாமல் தடுப்பது காப்புரிமைச் சட்டம்தான் என்று 1992 ரியோ மாநாட்டுக் காலத்திலிருந்து வாதாடுகிறார்கள். அவர்களைப் புங்குடுதீவு குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கூட்டிவந்து நெடுந்தீவுப் படகில் ஏற்றிவிட வேணும்.

காப்புரிமை பதிந்த நாட்டில்தான் செல்லும். இலங்கையில் பதியாத சூரியத் தகட்டை நாங்கள் தாராளமாகப் பிரதி பண்ணலாம். தொழிற்சாலை ஒன்றுதான் குறை.

2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்குச் சூரிய, காற்று மின்சாரம் அமைக்கும் வேலை ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குப் போனது. இந்தியா முகஞ்சுளித்தது. டிசம்பரில், ‘மூன்றாம் தரப்பின்’ பாதுகாப்புக் கவலையால் வேலை இடைநிறுத்தம் என்றது சீனத் தூதரகம். பெயர் சொல்லவில்லை. ராமேஸ்வரம் இருக்கும் திசை தெரிந்தவனுக்கு எதற்குப் பெயர்? 2024 மார்ச்சில் அதே தரப்பு 1.1 கோடி டொலர் நன்கொடையோடு வர, ஒப்பந்தம் பெங்களூருக்குப் போனது. இத்தனை இழுபறியிலும் காப்புரிமையைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை.

ஒப்பந்தப்படி சூரியன் 1,700 கிலோவாட், காற்று 530. அவசரத்துக்கு நிற்கும் டீசல் 2,500. டீசல் எஞ்சினுக்கு ருடால்ஃப் டீசல் 1890களில் எடுத்த காப்புரிமை காலாவதியாகி நூறு வருசத்துக்கு மேலாகிறது.