ஹெராக்ளியஸின் சில்லறைத் தட்டுப்பாடு

நாவலப்பிட்டியில் குடியிருந்துகொண்டு பழைய செம்புக் காசு சேர்க்கக் கூடாது. இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு; நான் சேர்க்கிறேன். செம்புக்குள் குளோரைட் ஒளிந்திருந்தால், காற்றின் ஈரம் பட்டவுடன் காசு வெளிர்பச்சைத் தூளாகப் பூக்கத் தொடங்கும். வெண்கல நோய் என்று அதற்குப் பெயர். இந்த நோய்க்குப் பத்தியம் வறண்ட காற்று. எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்காத ஒரே சரக்கு அதுதான். ஆகவே என் காசுகள் பால்மா டின்னுக்குள், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களோடு அடைபட்டுக் கிடக்கின்றன. தெருவில் யார் புதுச் சப்பாத்து வாங்கினாலும் முதலில் போய் வாழ்த்துகிறவன் நான். வாழ்த்திவிட்டுப் பொட்டலத்தைக் கேட்பேன்.

சேர்ப்பதிலும் ஓர் அந்தஸ்து வேண்டாமா? தங்கக் காசு சேர்த்தால் மனைவியாவது மதிப்பாள். நான் சேர்ப்பது, பைசாந்தியப் பேரரசன் ஹெராக்ளியஸ் பாரசீகத்தோடு மல்லுக்கட்டிய நாட்களில், போர் நெருக்கடியில் அங்கங்கே திறந்து அவசரமாக மூடிய நாணயச்சாலைகளின் செம்புச் சல்லி. லண்டனில் இருக்கும் மச்சினன் வகை பிரிக்காத அழுக்குக் காசுகளை மொத்தமாக வாங்கி, ஊருக்கு வரும்போது கொண்டுவருவான். பெட்டியைத் திறக்கும்போது சொக்லட்டுக்காகக் காத்திருந்த பிள்ளைகளின் முகங்களை நான் பார்ப்பதில்லை. ஒருநாள் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து இந்தச் சரித்திரத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்ட மனைவி, "ஏங்க, தோத்துப்போன ஊர்க் காசா பாத்துப் பாத்து வாங்குறீங்களா?" என்றாள். என் சேகரிப்பை இதைவிடச் சுருக்கமாக யாரும் விவரித்ததில்லை.

உண்மையில் அப்படித்தான். ஹெராக்ளியஸ் 610இல் அரியணை ஏறும்போதே கிழக்கு எல்லை பற்றி எரிந்துகொண்டிருந்தது. 613இல் அந்தியோக்கியாவுக்கு அருகே தோல்வி, 614இல் ஜெருசலேம் போயிற்று, 619இல் அலெக்சாந்திரியாவும் போயிற்று. கிழக்குக்குக் காசு அடித்துக் கொடுத்த பெரிய நாணயச்சாலை அந்தியோக்கியா. அது இல்லையென்றால் படைக்குச் சில்லறை எங்கே? சிப்பாய்க்குத் தங்கத்தில் சம்பளம் கொடுத்தாலும், ரொட்டிக்காரனிடம் தங்கத்தை நீட்டினால் மிச்சம் தர அவனிடம் ஏது? எனவே 615 வாக்கில் செலூக்கியாவில், அதாவது இன்றைய துருக்கியின் சிலிஃப்கேயில், ஒரு நாணயச்சாலையைத் திறந்தார்கள். 617இல் அது மலைப்பக்கமாக இசௌராவுக்கு இடம்பெயர்ந்தது. இடம்பெயர்வது என்றால் என்னவென்று இலங்கையருக்கு விளக்க வேண்டியதில்லை. இசௌராவிலும் அடுத்த வருடமே மூடுவிழா. பிறகு 626 முதல் 629 வரை சைப்பிரஸில் கொஞ்சநாள். ஜெருசலேம் முற்றுகைக்குள் அடித்தவை என்று சொல்லப்படும் காசுகளும் உண்டு. அவற்றை நான் படத்தில் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் விலையும் போட்டிருந்தது, படத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அதே 615இல் ஹெக்சகிராம் என்ற வெள்ளிக் காசு சட்டம்போட்டு வந்தது. அரசாங்கக் கொடுப்பனவுகளை எல்லாம் பாதியாக்கி இந்தக் காசில் கொடுத்ததாக அக்காலக் குறிப்பொன்று சொல்கிறது. காசின் மேலே பொறித்திருந்த வாசகம்: கடவுளே, ரோமருக்கு உதவி செய். சம்பளத்தை வெட்டிய கையோடு பிரார்த்தனையையும் அச்சடித்துக் கொடுத்த அரசாங்கம் அது. 2022இல் நம் ரூபாயும் பாதிக்கு அருகே இறங்கியபோது, பிரார்த்தனையை நாமே சொந்தச் செலவில் செய்துகொண்டோம்.

இனி அடையாளம் காணும் கலை. ஏட்டின்படி இது சுலபம். காசின் பின்பக்கத்தில் பெரிய ‘எம்’ எழுத்து. கிரேக்க எண்முறையில் 40, அதாவது 40 நும்மி என்ற சிறுகாசுகளின் மதிப்பு. ஒரு பக்கம் ‘ஆண்டில்’ என்று பொருள்படும் லத்தீன் ‘அன்னோ’, மறுபக்கம் ஆட்சியாண்டு, அடியில் ஊர்ப்பெயரின் சுருக்கம். ஆண்டு போடும் வழக்கத்தை 538இல் தொடங்கிவைத்த ஜஸ்டினியன் நன்றாக இருக்கட்டும். வாசித்தால் போதும், வேலை முடிந்தது.

வாசிக்க என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. புதிதாக வில்லை வார்க்க நேரமும் இல்லை, செம்பும் இல்லை. பழைய அரசர்களின் காசுகளை எடுத்து, சிலவேளை துண்டாக வெட்டி, அதன்மேலேயே அடித்தார்கள். தேர்தல் முடிந்த எங்கள் பஸ் நிலையச் சுவரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: புது வேட்பாளரின் காதுக்குப் பக்கத்திலிருந்து பழையவரின் மூக்கு எட்டிப் பார்க்கும். ஊர்ப்பெயர் இருக்க வேண்டிய அடிப்பகுதியோ பெரும்பாலும் காசுக்கு வெளியே விழுந்திருக்கும். தேடுகிற நான்கெழுத்தைத் தவிர மற்ற எல்லாம் தெளிவாகத் தெரிவது இந்தக் காசுகளின் பரம்பரைக் குணம்.

அப்போது கைகொடுப்பது எடை. ஜஸ்டினியன் காலத்தில் 20 கிராமைத் தாண்டிய இந்தக் காசு, ஹெராக்ளியஸ் ஆட்சி முடிவதற்குள் 5 கிராமுக்கு இளைத்துவிட்டது. முகமதிப்பு என்னவோ அதே 40தான்! எடை பார்க்க எங்கள் கடைவீதியில் நகை செய்யும் ஆசாரியிடம் போவேன். தராசில் போட்டுவிட்டு உரசிப் பார்ப்பார். "ஐயா, நல்ல செம்பு. உருக்கினா பவுன்ல கலக்க ஆகும்." எவ்வளவு கலப்பீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் கேக்கப்படாதுங்க" என்றார். ஹெராக்ளியஸின் நாணய அதிகாரியும் இதைத்தான் சொல்லியிருப்பான்.

இப்படிப் போய்வருவது கண்ணில் பட்டு, எனக்குப் புதையல் கிடைத்துவிட்டதாக ஊரில் பேச்சு. ஒருநாள் இருட்டிய பிறகு கொத்மலைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். குரலைத் தாழ்த்தி, "எந்தப் பக்கம் தோண்டினீங்க?" என்றார். லண்டன் என்றேன். அர்த்தத்தோடு தலையாட்டினார். "எடத்தச் சொல்ல விருப்பமில்லன்னா விடுங்க. ஆனா பூசை போடாம எடுத்தா குடும்பத்துக்கு ஆகாது." பூசைக்குத் தெரிந்த ஆள் இருக்கிறாராம், கிடைப்பதில் அரைவாசி. டின்னைத் திறந்து காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் தன் பங்கு வேண்டாம் என்றார். டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். சரித்திரமே தங்கத்தின் பக்கம்தான் சாய்கிறது. 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கொஸ்மாஸ் எழுதிவைத்த கதை நமக்கெல்லாம் பிடிக்கும். இலங்கை அரசன் முன்னால் பாரசீகன் ஒருவனும் சோபாத்ரோஸ் என்ற ரோம வணிகனும் தத்தம் மன்னரே பெரியவர் என்று வாதிட்டார்கள். ரோமன் தங்கக் காசைக் காட்டினான், பாரசீகனிடம் வெள்ளிதான் இருந்தது. அரசன் தங்கத்தை மெச்சி, சோபாத்ரோஸை யானைமேல் ஏற்றி மேளதாளத்தோடு வலம்வரச் செய்தான். நல்ல கதை. ஆனால் இலங்கை மண்ணில் தோண்டக் கிடைப்பது என்ன? 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளின் நகக்கண் அளவு ரோமச் செம்புச் சல்லிகள், ஆயிரக்கணக்கில். தங்கம் அபூர்வம். கொட்ரிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணய நூலிலேயே இந்தச் செம்புகளுக்கு இடமுண்டு. வந்தவை போதாமல் நம்மவர்களே பார்த்து அடித்த நகல்களும் ஏராளம்; மாத்தறைக்கு அருகேயுள்ள நைமன என்ற ஊரின் பெயரால் அவற்றைக் குறிப்பிடுவார்கள். அவற்றில் லத்தீன் எழுத்து வெறும் கீறலாகிவிட்டது. யாருக்கும் அது வாசிக்கத் தேவைப்படவில்லை. கடையில் செல்லுபடியானால் போதும். யானைச் சவாரி தங்கத்துக்கு, சந்தை செம்புக்கு. நான் சந்தையின் கட்சி.

போர் வந்தால் சில்லறை காணாமல் போவது ஹெராக்ளியஸோடு முடிந்த கதையும் அல்ல. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பில் குண்டுபோட்டார்கள். அந்த வருடம் இலங்கையில் 5 சதத்துக்குத் தாள் அடித்தார்கள். நடுவே துளை வரிசை, கிழித்தால் ஒரு பாதி 2 சதம், மறுபாதி 3 சதம். மிச்சம் கொடுக்க மேசை லாச்சி தேவையில்லை, கை போதும். இன்றைய கடைக்காரர் சில்லறைக்குப் பதிலாக நீட்டும் டொபியைவிட இது நேர்மையான ஏற்பாடு. 1943இல் 25 சதமும் 50 சதமும் வெள்ளியைத் துறந்து நிக்கல் கலந்த பித்தளைக்கு மாறின. 1944இல் நேசநாடுகளின் தென்கிழக்காசியத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்தபோது, கம்பளையைத் தாண்டினால் போர்க்காலத் தலைநகரம் என்ற நிலையில் நாங்கள் இருந்தோம்.

ஒரேயொரு உலோக வில்லைக்காக என் டின் முழுவதையும் கொடுப்பேன். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் கட்டி வந்தபோது, எண் குத்திய தகர வில்லை ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். எந்தத் தோட்டம், யார் கணக்கில் வழிச்செலவு எல்லாம் அதிலேயே. செலூக்கியாக் காசைப் போலல்ல, ஓர் எழுத்தும் விளிம்புக்கு வெளியே விழாது. கங்காணிக்கு அது தெளிவாக இருக்க வேண்டும். எங்கள் தாத்தாவின் வில்லை மிஞ்சவில்லை. லயத்துக் கூரை ஒழுகியபோது அப்பாயி அதை ஓட்டைக்கு வைத்து ஆணி அடித்துவிட்டாராம். அந்த மழையில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

உங்கள் வீட்டு அப்பாயியின் வெற்றிலைப் பெட்டியை ஒருமுறை கிளறிப் பாருங்கள். 1943ஆம் ஆண்டின் பித்தளை 50 சதம் இருந்தால், தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், முகம் போய்விடும். அந்த 5 சதத் தாள் முழுதாக இருந்தால், துளை சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டாம். மண்ணில் எடுத்த காசென்றால் என்னிடம் கொண்டுவராதீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அது அரசாங்கத்தின் சொத்து. தொல்பொருள் திணைக்களத்திடம் சொல்லிவிடுங்கள்.