அழிந்துபோன திருமதி செல்வம்

பாசிர் கூடாங், ஜொகூர்.
15.5.2011

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் முந்தாநாள்தான் கைக்கு வந்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் தேர்தல் ஜோசியம். அது கடல் தாண்டி வந்து சேர்ந்த அன்றைக்கே முடிவும் வந்துவிட்டது. ஜோசியம் பலிக்கவில்லை என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 2007-இல் தொடங்கித் தூங்கிப்போன அரசு கேபிளை இந்த அம்மா ஜெயித்து வந்து தட்டி எழுப்பினால் உங்கள் பிழைப்பு என்னாகும் என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு என்னிடம் மருந்தில்லை. கடைசி அரைப் பக்கத்துக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

"அமெரிக்காவுல டிஷ் பெட்டியில படம் பிடிக்கிறதை நிப்பாட்டச் சொல்லி கோர்ட்டு சொல்லிருச்சாமே. உன் வீட்டுப் பெட்டியையும் நிப்பாட்டிருவானா? நாமும் அப்படி ஒண்ணு வாங்கலாமா?" இதுதானே கேள்வி? அறந்தாங்கியில் பாதித் தெருவுக்குக் கேபிள் இழுத்துவிட்டு, சொந்த மொட்டைமாடியில் டிஷ் வைக்கத் திட்டமா? சந்தா வாங்கப் போகும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வீர்கள்? சரி, அது உங்கள் பாடு.

இந்தப் பெட்டியின் சங்கதி எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் பட்ட அடி அப்படி. நான் தங்கியிருப்பது ஒரு வீட்டுக்காரம்மாவின் பின்னறையில். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்திலேயே கப்பலேறி வந்த குடும்பம். வந்த முதல் நாள் காலையில் "தம்பி, பசியாறிட்டீங்களா?" என்றார். எனக்குப் பசியே இல்லையம்மா என்று சொல்லிவிட்டேன். இங்கே பசியாறுவது என்றால் காலைப் பலகாரம் சாப்பிடுவது. அன்று மதியம் வரை பட்டினி கிடந்துதான் அந்தத் தமிழைப் படித்தேன்.

இங்கே தமிழ் வீடுகளில் கூரைமேல் ஆஸ்ட்ரோ என்ற டிஷ் கம்பெனியின் தட்டு இல்லாவிட்டால் வீட்டுக்கு ஏதோ குறை மாதிரி. 1996-இல் அதைத் தொடங்கிய ஆனந்த கிருஷ்ணன் யாழ்ப்பாணத்து வழிவந்த தமிழர். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்தவர். உங்கள் சட்டைப்பையில் கிடக்கும் ஏர்செல்லும் அவர் பங்கு வாங்கிய கம்பெனிதான். ஆக, நீங்களும் மாதாமாதம் அவருக்குக் கொஞ்சம் அழுதுகொண்டுதான் இருக்கிறீர்கள். இந்த ஊர் மழை வேறு ஒரு தனிப் பிறவி. வானம் கறுத்து நாலு இடி இடித்தால் தட்டுக்கு வரும் அலையை மழைத்தண்ணீர் குடித்துவிடும். அலை வராதபோது எந்தப் பெட்டியும் எதையும் பிடிக்காது. வீட்டுக்காரம்மா அதனால் மழைக்கு முந்திப் பிடித்ததையெல்லாம் நகைபோலச் சேர்த்து வைத்திருந்தார்.

ஏப்ரல் 2, உலகக் கோப்பை இறுதி ஆட்டம். பம்பாயில் மதியம் இரண்டரை என்றால் இங்கே மாலை ஐந்து. முடியும்போது நள்ளிரவு தாண்டிவிடும். எனக்கோ ஃபேக்டரியில் நைட் ஷிப்ட். கிளம்பும் அவசரத்தில் ஆட்டத்தைப் பிடிக்கச் சொல்லி ரிமோட்டை அமுக்கினேன். இடம் இல்லை, பழையதை அழிக்கட்டுமா என்று கேட்டது. அழி என்றேன். காலையில் வந்து தோனி அடித்த கடைசி சிக்ஸரை ஏழு தடவை பார்த்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அழிந்தது ஒரு வாரத்துத் திருமதி செல்வம் சீரியல் என்று. மச்சான், அன்றிலிருந்து எனக்குச் சாம்பாரில் உப்பு இல்லை.

இனி வழக்கு. வீட்டுக்காரம்மாவின் இளைய மகன் தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போய், காப்புரிமை பார்க்கும் வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கிறார். அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் டீவோ என்று ஒரு கம்பெனி. ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியை நிறுத்தி, காபி போட்டுக் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பார்க்கும் பெட்டியை 1999-இல் விற்க ஆரம்பித்தது. பந்தியில் பரிமாறுகிறவன் ஒரு கையால் வாளியில் சாம்பாரை வாங்கிக்கொண்டே மறு கையால் இலையில் ஊற்றுவானே, அந்த வித்தைதான். வருகிற படத்தையும் ஒலியையும் பிரித்து, அடையாளம் போட்டு, வட்டில் எழுதிக்கொண்டே அதே நேரத்தில் வேறிடத்திலிருந்து எடுத்துக் காட்டுவது. 2001-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. எக்கோஸ்டார் என்ற டிஷ் கம்பெனி அதே வித்தையைத் தன் பெட்டிகளில் செய்கிறது என்று 2004-இல் டெக்சாசில் வழக்குப் போட்டார்கள். 2006-இல் ஜூரி ஏறக்குறைய 7.4 கோடி டாலர் கொடு என்றது.

பணம் கம்பெனிகளுக்குள் கைமாறினால் நமக்கென்ன என்று விட்டுவிடலாம். நீதிபதி அதோடு விடவில்லை. வீடுகளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகளிலும் பதிவு செய்யும் வேலையை முடக்கு என்று உத்தரவு போட்டார். 1,92,708 பெட்டிகளுக்கு மட்டும் விலக்கு. மற்றதெல்லாம் படம் காட்டும். பிடிக்காது, நிறுத்தாது, பின்னால் ஓடாது. தவறு செய்தது கம்பெனி. திருமதி செல்வம் போவது ஏதோ ஒரு பாட்டி வீட்டில். வழக்கில் பாட்டியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதை முடக்க ஆள் ஏணி தூக்கிக்கொண்டு வரவேண்டியதில்லை என்பதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. படம் இறங்கும் அதே தட்டு வழியாக, நாம் தூங்கும்போது பெட்டிக்குப் புது மென்பொருளும் இறங்கும். எக்கோஸ்டார்காரன் அந்த வழியிலேயே பெட்டிகளுக்குள் வேறு மென்பொருளை அனுப்பிவிட்டு, இப்போது நான் செய்வது வேறு வித்தை என்றான். 2009-இல் கோர்ட் அதை அவமதிப்பு என்றது. போன மாதம் 20-ஆம் தேதி, அப்பீல் கோர்ட் நீதிபதிகள் கூடி உட்கார்ந்து, வித்தை வேறா இல்லையா என்பதைக் கீழ்க்கோர்ட் மறுபடி பார்க்கட்டும், ஆனால் பெட்டியை முடக்கு என்றபோது முடக்காதது அவமதிப்புதான் என்றார்கள். நீங்கள் படித்த செய்தி இதுதான்.

நீங்கள் படிக்காதது அடுத்தது. இந்த மாதம் 2-ஆம் தேதி இரண்டு பேரும் ராஜி. டிஷ் பக்கம் 50 கோடி டாலர் தருகிறது: 30 கோடி உடனே, மீதி தவணையில். நம் காசுக்கு ரெண்டாயிரம் கோடி ரூபாய்க்கு மேலே. ஏழு வருஷம் ஆட்டிய வாள் பெட்டிமேல் விழவில்லை. சந்தாக்காரன் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பாலத்துக்கு அந்தப் பக்கமும் ஒரு வழக்கு நடந்தது. ரெக்கார்டு டிவி என்ற கம்பெனி, மீடியாகார்ப்பின் இலவசச் சானல் நிகழ்ச்சிகளை இணையம் வழியாக நமக்காகப் பிடித்துவைத்துக் கொடுத்தது. உயர்நீதிமன்றத்தில் தோற்று, போன டிசம்பரில் அப்பீலில் ஜெயித்தது. ஆனால் அது படம் யாருடையது என்ற வழக்கு. டீவோவுடையது படம் பிடிக்கும் வித்தை யாருடையது என்பது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். அமெரிக்கக் காப்புரிமை அமெரிக்காவுக்குள்தான் செல்லும். டெக்சாஸ் நீதிபதி பாசிர் கூடாங்கிலோ அறந்தாங்கியிலோ ஒரு பெட்டியை முடக்க முடியாது. வழக்குப் போட நினைப்பவன் அந்தந்த நாட்டில் காப்புரிமை வாங்கி, அந்தந்த நாட்டுக் கோர்ட்டுக்குப் போகவேண்டும். அதனால் தாராளமாக வாங்குங்கள். ஒன்று மட்டும் கவனம்: பெட்டிக்குள் பிடித்து வைத்தது நம் சொத்து என்று இருந்துவிடாதீர்கள். ஒரு பெட்டியில் பூட்டிப் பிடித்ததை இன்னொன்றில் போட்டால் ஓடாது. சாவி எப்போதும் கம்பெனி கையில். என்னைப்போல ஒரு மச்சினன் வீட்டில் இருந்தால் கோர்ட்டும் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம்.

இப்போது என் காரியம். அக்காவிடம் கெஞ்சிக் கேட்டதாகச் சொல்லுங்கள். மார்ச் கடைசி வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை திருமதி செல்வத்தில் என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் எழுதச் சொல்லுங்கள். யார் யாரிடம் என்ன சொன்னார்கள், யார் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார்கள் என்பது உட்பட. பக்கக் கணக்கு பார்க்கவேண்டாம், தபால் செலவை நான் தருகிறேன். அதை நான் வாசித்துக் காட்டினால் சாம்பாரில் உப்புப் போடுவதாக வீட்டுக்காரம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மச்சினன்