திங்கட்கிழமையை எங்கே வைப்பது?

இத்தாலிக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் ஒரு வகை. குடும்பத்தை இத்தாலிக்கு அழைத்துப்போகத் திட்டம் போடுகிறவர்கள் வேறு வகை. முதல் வகையினர் போய்விட்டு வந்து, நாலு படம் காட்டிவிட்டு ஓய்ந்துவிடுவார்கள். இரண்டாம் வகையினர் ஓய்வதில்லை. உங்கள் வீட்டில் அவர் பெரியப்பாவாகவோ மாமாவாகவோ இருக்கலாம். எங்கள் வீட்டில் சித்தப்பா.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். கல்யாண ரிசப்ஷனில் பார்த்து, "என்ன சித்தப்பா, சௌக்கியமா?" என்று கேளுங்கள். "மே மாசம் இத்தாலி" என்பார். கேட்ட கேள்விக்கு இது பதிலா என்று நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் செல்போன் வெளியே வந்திருக்கும். அதில் ஓர் எக்செல் தாள். பச்சைக் கட்டம் ரயில், மஞ்சள் கட்டம் கார், சிவப்புக் கட்டமெல்லாம் சித்தி ஆட்சேபித்தவை. சிவப்பு கொஞ்சம் தூக்கலாகவே தெரியும்.

இவரை இப்படி வளர்த்துவிட்டதில் விசா விதிகளுக்கும் பங்கு உண்டு. ஷெங்கன் விசாவுக்கு எந்த நாள் எந்த ஊர், எந்த ஓட்டல் என்று எழுதித் தர வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். மற்றவர்கள் இதைத் தலைவலி என்பார்கள். சித்தப்பாவுக்கோ, வாழ்நாள் முழுவதும் யாருமே கேட்காத ஒன்றை ஓர் அரசாங்கம் வாய்விட்டுக் கேட்கிறது. ஸ்பைரல் பைண்டிங் போட்டு, பொருளடக்கத்தோடு கொடுத்தார். கவுண்டரில் இருந்த பெண் மேலே இரண்டு தாளை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்த சோகத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சரி, ரயிலா, காரா? இதுதான் அவர் வீட்டில் மாதக்கணக்கில் ஓடும் வழக்கு.

திங்கள், புதன், வெள்ளியில் அவர் ரயில் கட்சி. "ஃப்ரெச்சாரோஸ்ஸா மணிக்கு 300 கிலோமீட்டர் போறான். ரோம்ல ஏறினா ஒன்றரை மணி நேரத்துல ஃப்ளோரன்ஸ். நாம அண்ணா நகர்ல இருந்து ஏர்போர்ட் போற நேரம்!" அரசின் ட்ரெனிடாலியாவுக்குப் போட்டியாக 2012 முதல் இட்டாலோ என்ற தனியார் ரயிலும் அதே தடத்தில் ஓடுகிறது. இரண்டிலும் கட்டணம் விமான டிக்கெட் போல நாளுக்கு நாள் மாறும். சித்தப்பா இரண்டையும் அடுத்தடுத்துத் திறந்துவைத்துக் காவல் காப்பார். நள்ளிரவில் சித்தியை உலுக்கி, "ஏய், இட்டாலோ ரெண்டு யூரோ இறக்கிட்டான்!" என்று கூவியதுண்டு. சித்தி திரும்பிப் படுத்துக்கொண்டு, "ஏறினப்புறம் எழுப்புங்க" என்றாளாம்.

செவ்வாய், வியாழன், சனியில் கார் கட்சி. இது அவருடைய சகலை மூட்டிவிட்ட தீ. சகலை போன வருடம் மிலானில் கார் எடுத்து நேப்பிள்ஸ் வரை ஓட்டிக்கொண்டு போனவர். 1964-ல் முழுதாகத் திறந்துவிட்ட ஏ1 நெடுஞ்சாலை. எழுநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். அதை ஏதோ தானே போட்ட ரோடு மாதிரிதான் பேசுவார். ரயிலில் போகிறவனெல்லாம் மூட்டை முடிச்சு, காரில் போகிறவன் மனுஷன் என்பது அவர் கொள்கை. அதனால் சித்தப்பா ரயில்தான் என்று முக்கால்வாசி முடிவு செய்துவிட்ட பிறகும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துவைத்தார். "இருக்கட்டுமே, ஒரு வருஷம் செல்லும்." வலது பக்கம் ஓட்டிப் பழக வேண்டுமே? இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தூண்களைச் சுற்றி வலப்பக்கமாகவே வண்டி ஓட்டினார். வாட்ச்மேன் முதல் நாள் விசில் ஊதினார். இரண்டாம் நாள் கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார்.

கார் என்றதும் கூடவே வரும் பூதம் இசட்.டி.எல். இத்தாலியப் பழைய நகரங்களின் நடுப்பகுதிக்குள் அனுமதி இல்லாத வண்டி நுழையக் கூடாது. வெள்ளை வட்டத்தில் சிவப்பு வளையம் போட்ட பலகை ஒன்று இருக்கும். போலீஸ்காரர் இருக்க மாட்டார், கேமரா இருக்கும். ஊருக்குத் திரும்பி, இத்தாலியையே மறந்து, மாவடு போட்டுக்கொண்டிருக்கும்போது அபராதச் சீட்டு வந்து சேரும். வெளிநாட்டுக்காரருக்கு அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம். உங்கள் பெயர் முகவரியைப் போலீசுக்குக் கொடுத்த சேவைக்காக வாடகைக் கார் கம்பெனி தனியாக ஒரு தொகை பிடித்துக்கொள்ளும். சித்தப்பா இதை எல்லோருக்கும் அத்தனை தடவை விளக்கிய பலன், சித்தி காலை ஆறு முதல் எட்டரை வரை சமையலறையை இசட்.டி.எல். என்று அறிவித்துவிட்டாள். காபி கேட்டுப் போனால் அபராதம், தேங்காய் துருவல்.

இவருடைய அபாரமான அறிவில் ஒரு சின்ன ஓட்டை. இத்தாலியைப் பற்றிச் சகலமும் தெரியும். கூட வரப்போகிற ஐந்து பேரைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது. அவர்களை அவர் "ஹெட்கவுன்ட்" என்கிறார். அந்த ஹெட்கவுன்ட் ஒருநாள் வாய் திறந்தது.

பையனுக்கு மரனெல்லோவில் ஃபெராரி மியூசியம் பார்க்க வேண்டும். அந்த ஊருக்கு ரயில் கிடையாது; மோதெனாவில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். ஒரு ஓட்டு காருக்கு. பெண்ணுக்குச் சின்க்வே தெர்ரே. கடலோரப் பாறையில் தொங்கும் ஐந்து கிராமங்கள். அங்கே காரை வைத்துக்கொண்டு அல்லாடுவதைவிட லா ஸ்பேட்சியாவிலிருந்து ரயிலில் போவதே புத்திசாலித்தனம். ஒரு ஓட்டு ரயிலுக்கு. சித்திக்கு டஸ்கனியில் அடுப்படியோடு ஒரு பண்ணை வீடு. ரசம் வைக்க இடமில்லாத தேசத்துக்கு அவள் வருவதாயில்லை. பண்ணை வீட்டு வாசலுக்கு ரயில் வராது. தாத்தாவுக்கு, மெசினா நீரிணையில் ரயில் பெட்டிகளையே கப்பலுக்குள் ஏற்றிச் சிசிலிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து தூக்கம் போச்சு. "அந்தக் காலத்துல தனுஷ்கோடியில நாங்க ரயிலை விட்டு இறங்கித்தான் கப்பல் ஏறினோம். இவன் ரயிலையே ஏத்தறானாமே!" பாட்டி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "எங்க வேணா கூட்டிட்டுப் போ, படி ஏறச் சொல்லாதே." வெனிஸின் பாலங்கள் ஏறக்குறைய எல்லாமே படிதான் என்பதைச் சித்தப்பா அப்போதைக்குச் சொல்லவில்லை.

இரண்டுக்கு இரண்டு. பிறகு பெட்டிகளை வைத்துப் பார்த்தார். ஏழு பேர் உட்காரலாம் என்று போட்டிருக்கும் வண்டியில் ஏழு பேர் உட்கார்ந்தால் பெட்டி வைக்க இடமில்லை. ஆறு பேருக்கும் பாதி கதைதான். புளிக்காய்ச்சல் பாட்டிலையும் சின்ன ரைஸ் குக்கரையும் மடியில் வைத்துக்கொண்டு ஆல்ப்ஸைப் பார்ப்பது எப்படி? கடைசியில், பெரிய ஊர்களுக்கு நடுவே ரயில், டஸ்கனிக்கு மட்டும் ஃப்ளோரன்ஸுக்கு வெளியே விமான நிலையத்தில் கார் எடுப்பது என்று தீர்ப்பாயிற்று. இத்தாலிக்கு ஒருமுறை போய்வந்த யாரைக் கேட்டிருந்தாலும் ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். ஆனால் கேட்டால் வேலை முடிந்துவிடுமே.

ரயிலா, காரா தீர்ந்ததும் அசல் சிக்கல் தலைதூக்கியது: கிழமை. ரோமில் வாடிகன் மியூசியம் ஞாயிற்றுக்கிழமை மூடல், மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர. அன்றைக்கு இலவசம், ஆகவே உள்ளே கால் வைக்க முடியாது. ஃப்ளோரன்ஸில் உஃபீத்ஸி திங்கட்கிழமை மூடல். மிலானில் டாவின்சியின் 'கடைசி இராவுணவு' ஓவியமும் திங்களன்று பார்க்கக் கிடைக்காது. மற்ற நாளில் முன்பதிவு செய்து போனாலும் பதினைந்து நிமிடம்தான். ஊருக்கெல்லாம் ராகுகாலம் தினம் ஒன்றரை மணி நேரம். சித்தப்பாவுக்கு வாரத்தில் இரண்டு முழு நாள். போதாததற்கு வேலைநிறுத்தங்கள். அங்கே அவற்றைத் தேதி சொல்லி நடத்துகிறார்கள், போக்குவரத்து அமைச்சகமே பட்டியல் வெளியிடுகிறது. காலையில் தினப்பலன் பார்க்கும் முன் சித்தப்பா அந்தப் பட்டியலைப் பார்ப்பார்.

வாரக்கணக்கில் கட்டங்களை நகர்த்தி, ஞாயிறு ரோமிலிருந்து பாம்பேய், திங்கள் வாடிகன், செவ்வாய் முதல் ஃப்ளோரன்ஸும் டஸ்கனியும், வியாழன் வெனிஸ் என்று ஒருவழியாகப் பொருத்தினார். பொருந்திய அன்று இரவே ரயில் டிக்கெட்டும் எடுத்துவிட்டார். ஆகக் குறைந்த கட்டணம். மாற்றவும் முடியாது, பணமும் திரும்ப வராது. மறுநாள் மதியம் எல்லோரையும் உட்காரவைத்துத் திட்டத்தை வாசித்தார். யாரும் கேட்கவில்லை, அப்பளம்தான் சத்தம் போட்டது.

"வியாழன் காலை ஃப்ளோரன்ஸ்ல ஏறறோம். போலோன்யா, பதோவா, அப்புறம் வெனிஸ்."

"பதோவாவா? பதுவையாடா?" என்றாள் பாட்டி.

பாட்டி பாரிமுனை அரண்மனைக்காரத் தெரு அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை தவறாமல் போகிறவள். பிள்ளையாருக்கும் அவருக்கும் அவளிடம் எந்தப் பேதமும் கிடையாது. பையன் செல்போனைத் தட்டிப் பார்த்து ஊர்ஜிதம் செய்தான். அதே ஊர்தான். 1231-ல் அந்தோணியார் இறந்ததும் அங்கேதான். கல்லறையும், பத்திரப்படுத்திய நாக்கும் அங்கே பெசிலிக்காவில் இருக்கின்றன.

"அப்ப அங்க இறங்கணும். செவ்வாய்க்கிழமை" என்றாள் பாட்டி.

"அம்மா, நாம போறது வியாழன்."

"அந்தோணியாருக்குச் செவ்வாய்தாண்டா."

சித்தப்பா மனக்கணக்குப் போட்டார். டஸ்கனியில் ஒரு நாளைக் கழித்துப் பதுவையைச் செவ்வாய்க்கு இழுத்தால் திங்கள் ஃப்ளோரன்ஸில் வந்து விழுகிறது. உஃபீத்ஸி மூடல். ஞாயிறு வாடிகனில் விழுகிறது. அதுவும் மூடல். எடுத்த டிக்கெட் அத்தனையும் தண்டம். அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. பாட்டிக்கும் மனசு கேட்கவில்லை போலும். "காணாமப் போனதையெல்லாம் தேடிக் குடுக்கற சாமிடா அவர். உன் டிக்கெட் காசையும் அவர்கிட்டயே கேக்கறேன்" என்றாள்.

"பெசிலிக்காவுக்கு முன்பதிவு எப்ப திறக்குது பாரு" என்றார் சித்தப்பா, குரல் கம்ம.

"முன்பதிவே இல்லப்பா. சும்மாவே உள்ள போகலாம்" என்றான் பையன்.

அந்தப் பதில்தான் அவரை நிஜமாகவே உடைத்துப்போட்டது. பையன் இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிப் படித்தான். "அதே ஊர்ல ஸ்க்ரொவேன்யி சேப்பல்னு ஒண்ணு இருக்கு. ஜொத்தோ வரைஞ்ச சுவரோவியம், எழுநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. முன்பதிவு கட்டாயம். சின்னச் சின்னக் கூட்டமாத்தான் விடுவாங்களாம். ஈரக்காத்து உள்ள போகக் கூடாதுன்னு, முதல்ல ஒரு கண்ணாடி ரூம்ல கால் மணி நேரம் உட்காரவெச்சு…"

சித்தப்பா மோர் சாதத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து, கை கழுவக்கூட நிற்காமல் லேப்டாப்பைத் திறந்தார்.