வீட்டுப் பள்ளியின் ஒரு வாரம்: திருத்தணித் தரவுகளை முன்வைத்து

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பவர்கள் திங்கள் முதல் ஞாயிறு வரை என்னதான் செய்கிறார்கள் என்பதே நம் ஆய்வுப் பொருள். களம் திருத்தணி. காரணம் வலுவானது. சித்தூர் மாவட்டம் பிறந்தது 1911 ஏப்ரல் 1. அம்மாவட்டத்திலிருந்து பிரிந்து, படாஸ்கர் தீர்ப்பின்படி, திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது 1960 ஏப்ரல் 1. கட்டாயக் கல்விச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. இதைத் தற்செயல் என்பாரும் உளர். அவர் ஆய்வு செய்து பழகாதவர் என்க.

ஆய்வுக்குக் கொண்ட குடும்பம் ஒரே குடும்பமன்று. பல வீடுகளின் குணங்களை ஒட்டித் தைத்த மாதிரி. பெயர் வேண்டுவோர் தம் வீட்டுப் பெயரையே இட்டுக்கொள்க.

திங்கட்கிழமை டைம்டேபிள் தயாராகும். நான்கு வண்ண ஸ்கெட்ச் பேனா, அடிஸ்கேல், ஒரு சண்டை ஆகியன தேவை. ஒன்பது மணிக்குக் கணக்கு என்று எழுதப்படும். ஒன்பது மணிக்கு கேஸ் சிலிண்டர் வரும்.

செவ்வாய் முருகனுக்கு உகந்த நாள் என்று பாட்டி விடுமுறை அறிவிப்பார். அப்பா விடமாட்டார். ஊர் முருகன் கோயிலின் மலைப்படி 365, ஆண்டின் நாளுக்கொன்று. ஏறினால் கணக்கும் ஆச்சு, பி.டி.யும் ஆச்சு என்பது அவர் கட்சி. இங்கேதான் இந்தத் துறையின் தீராத சிக்கல் எழுந்தது.

"அப்பா, லீப் வருஷத்துக்கு இன்னொரு படி எங்கப்பா?"

அப்பா மூச்சு வாங்குவதுபோல் நின்றார். (உண்மையாகவே வாங்கினார் என்பது மகளின் பாடபேதம்.) மலையுச்சியே 366-ஆவது படி என்பது பாட்டியின் துணிபு. பிப்ரவரி 29 அன்று ஒரு படியை இருமுறை மிதிக்கலாம் என்பது மகளின் கொள்கை. மகனோ இன்னும் மேலே போனான்: டிசம்பர் 31 இரவுப் படித்திருவிழாவில் படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறுகிறார்கள், ஒருமுறை ஏறினால் ஓராண்டு கழிந்ததாகக் கணக்கு, தான் இந்த மாதமே மூன்று முறை ஏறிவிட்டதால் மூன்று வகுப்பு தாண்டியாயிற்று. மறுக்கச் சான்றில்லை. இறங்கும்போது ஆண்டுகள் கழியுமே என்று அம்மா கேட்டதை அவன் ஏற்கவில்லை.

புதன்: மின்தடை.

வியாழன் சமூக அறிவியல். பேருந்து நிலையத்தில் ஆந்திர பஸ்ஸின் தெலுங்குப் பலகையைப் படித்துத் தேர்ச்சி காட்டவேண்டும். நகரி என்று படித்தால் தேர்ச்சி, திருப்பதி என்று படித்தால் ஊகம். ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டத்தை அப்பா விளக்கிக்கொண்டிருக்க, காய்க்காரம்மாவிடம் அம்மா தெலுங்கில் பேரம் பேசி ஐந்து ரூபாய் குறைத்துவிட்டார். பிள்ளைகள் எதைக் கற்றனர் என்பது வெளிப்படை.

வெள்ளி இசை. முத்துசாமி தீட்சிதர் இம்மலையில் முதியவர் உருவில் வந்த முருகன் தம் வாயில் கற்கண்டு இட, முதற்கீர்த்தனை பாடினார் என்பது மரபு, ராகம் மாயாமாளவகௌளை. இக்கற்பித்தல் முறையை வீட்டில் சோதித்ததில் கால் கிலோ கற்கண்டு தீர்ந்தது. ராகம் வரவில்லை. தீட்சிதருக்கு ஒரு துண்டே போதுமாயிருந்தது என்பதால் அளவில் பிழை இருக்கலாம்.

சனிக்கிழமை அறிவியல், அதாவது குக்கர் ஏன் விசிலடிக்கிறது. விரிவஞ்சி விடுத்தோம்.

ஞாயிறன்று அரக்கோணத்திலிருந்து மாமா வருவார். அவரே வெளித்தேர்வாளர். வினாத்தாளில் ஒரே வினா: "எத்தனாவது படிக்கிற?" தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் அடிப்படைக் கல்வியில் ஏ நிலை மூன்றாம் வகுப்புக்கு, பி ஐந்துக்கு, சி எட்டுக்குச் சமம். இதை மகன் சரியாகவே சொன்னான். "அப்ப பெயிலா?" என்றார் மாமா. பதினேழாம் வாய்ப்பாடும் கேட்டார். பையன் சொன்னான், சரிபார்க்க மாமா போனை எடுத்தார்.

ஆசிரியர் தினத்துக்குக் காரணமான ராதாகிருஷ்ணன் இவ்வூர்க்காரரே. 1888 செப்டம்பர் 5 பிறந்து, இங்கே தொடங்கி, பிறகு திருப்பதி லூத்தரன் மிஷன் பள்ளிக்குப் போனவர். அந்த நாளில் நாடெங்கும் ஆசிரியருக்குப் பூங்கொத்து கொடுக்கிறார்கள். நம் மாதிரிக் குடும்பத்தில் ஆசிரியர், ஹெச்.எம்., வாட்ச்மேன், சத்துணவுப் பொறுப்பாளர் எல்லாம் அம்மா ஒருவரே. அன்றும் அவர்தான் சாம்பாருக்குப் புளி கரைக்கிறார். எனவே ஆய்வின் பரிந்துரை ஒன்று: செப்டம்பர் 5 அன்று வீட்டுப் பள்ளிகளில் ஆசிரியருக்குச் சம்பளத்துடன் விடுமுறை தரவேண்டும். சமையல் மாணவர் பொறுப்பு. சம்பளம் அப்பா பொறுப்பு.